குருசதய் தத்

குருசதய் தத் (மே 10, 1882 – ஜூன் 25, 1941) வங்காளத்தைச் சேர்ந்த நாட்டுப்புறக் கலை ஆய்வாளரும் சேகரிப்பாளரும் எழுத்தாளரும் சமூகப் பணியாளரும் ஆவார். பிரித்தானிய இந்தியாவின் ஐ.சி.எஸ். அதிகாரியாகப் பணியாற்றிய இவர், விரதசாரி இயக்கத்தைத் தோற்றுவித்தவர் என்ற வகையில் பரவலாக அறியப்படுகிறார். எனினும் கலை வரலாற்றில் இவரது பெயர் நிலைபெறுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. வங்காளக் கிராமத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, தம் மனத்தில் தோன்றியவாறு உருவங்களைத் தைத்து உருவாக்கிய காந்தா எனப்படும் போர்வைகளை, வீட்டுப் பயன்பாட்டுப் பொருளாக மட்டும் கருதாமல் தனிப்பட்ட பெண்களின் கலை வெளிப்பாடாகக் கண்டு சேகரித்தவர்களுள் இவர் முதன்மையானவர். இவர் திரட்டிய காந்தாக்கள் கொல்கத்தாவின் தென்புறத்தில் ஜோகா என்னுமிடத்தில் அமைந்த குருசதய் அருங்காட்சியகத்தின் சிறப்புமிக்க தொகுப்பாகும்.

பிறப்பும் கல்வியும்

குருசதய் தத், அன்றைய சிலேட் மாவட்டத்தின் கரீம்கஞ்ச் உட்கோட்டத்தைச் சேர்ந்த பீரஸ்ரீ என்னும் சிற்றூரில் பிறந்தார். இவ்வூர் இந்தியப் பிரிவினைக்குப் பின்னர் கிழக்குப் பாக்கித்தானிலும், 1971 முதல் வங்காளதேசத்திலும் அடங்கியது. தந்தையார் ராமகிருஷ்ண தத் சவுத்ரி ஒரு நிலக்கிழார். தாயார் ஆனந்தமயி தேவி. குருசதய் இளமையிலேயே பெற்றோரை இழந்தார். ஆறுகளும் நீர்நிலைகளும் சூழ்ந்த அப்பகுதியின் படகுப் பாடல்கள், சடங்கு நடனங்கள், நோன்புக் கோலங்கள் ஆகியவற்றினூடே இவரது சிறுவயது கழிந்தது. பிற்காலத்தில் சிலேட்டின் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுக்கும் முயற்சிக்கு இதுவே அடிப்படையாயிற்று.

சிலேட்டில் பள்ளிக் கல்வியை முடித்து, கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்து பயின்றார். அங்குக் கல்வியில் சிறந்து விளங்கியதால், சிலேட் மக்கள் அமைத்திருந்த சங்கம் ஒன்றின் உதவித்தொகையைப் பெற்று 1903 இல் இங்கிலாந்து சென்றார். அங்கு ஐ.சி.எஸ். தேர்வில் உயர்ந்த நிலையில் வெற்றி பெற்றதோடு, கிரேஸ் இன் சட்டக் கழகத்தின் வழியாக வழக்குரைஞர் தகுதியையும் அடைந்தார். 1905 இல் இந்தியா திரும்பி, பீகாரில் உள்ள ஆராவில் தமது பணியைத் தொடங்கினார். பின்னர் வங்காளத்தின் பல மாவட்டங்களில் நீதி, நிருவாகப் பொறுப்புகளை வகித்தார்.

சரோஜ் நளினியும் மாதர் சங்கங்களும்

1906 இல் குருசதய் தத், சரோஜ் நளினியை (1887–1925) மணந்தார். சரோஜ் நளினியின் தந்தையார் பிரஜேந்திரநாத் தே, ஐ.சி.எஸ். பணியில் தொடக்க காலத்தில் இடம்பெற்ற இந்தியருள் ஒருவர். இவ்விணையருக்கு 1909 இல் பீரேந்திரசதய் என்னும் மகன் பிறந்தார்.

கணவரின் பணிமாற்றங்களின்போது உடன்சென்ற சரோஜ் நளினி, ஊர்தோறும் பெண்கள் வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருக்கும் நிலையைக் கண்டார். 1913 இல் பாப்னாவில் ஒரு மாதர் சங்கத்தை அமைத்தார். தொடர்ந்து பீர்பூம் மாவட்டத்திலும் பிற இடங்களிலும் இத்தகைய சங்கங்களைத் தோற்றுவித்தார். பேறுகாலப் பராமரிப்பு, குழந்தை வளர்ப்பு, எழுத்தறிவு ஆகியவற்றோடு தையலும் கைத்தொழிலும் இச்சங்கங்களில் கற்பிக்கப்பட்டன. பெண்கள் ஓரிடத்தில் கூடுவதற்குத் தையல் ஏற்கத்தக்க காரணமாக அமைந்தது. படிக்கச் செல்வதாகக் கூறினால் தடுக்கும் குடும்பத்தினரும் தையலுக்கு அனுப்பத் தயங்கவில்லை.

1925 சனவரி 19 அன்று சரோஜ் நளினி தமது 37ஆம் அகவையில் நோயுற்று இறந்தார். இவ்விழப்பு குருசதய் தத்தின் வாழ்க்கையை இரண்டாகப் பிரித்தது எனலாம். அதே ஆண்டில் மனைவியின் பெயரால் ஒரு நினைவுச் சங்கத்தை நிறுவி, சிதறிக் கிடந்த மாதர் சங்கங்களை அதன் கீழ் இணைத்தார். பெண்களுக்கான பங்கலட்சுமி என்னும் மாத இதழும் தொடங்கப்பட்டது. மனைவியின் வரலாற்றை வங்காள மொழியில் எழுதினார். அதன் ஆங்கில வடிவம் 1929 இல், லியோனார்டு உல்ஃப், வர்ஜீனியா உல்ஃப் இணையர் லண்டனில் நடத்திய ஹோகார்த் பதிப்பகத்தின் வெளியீடாக, இரவீந்திரநாத் தாகூரின் முன்னுரையுடன் வந்தது. பெண்களின் கைவேலையை இவர் பிற்காலத்தில் உற்று நோக்கியதற்கு, மனைவியின் பணியைத் தொடர வேண்டும் என்னும் இந்த உறுதி ஒரு முக்கியத் தூண்டுதலாக இருந்தது.

அதிகாரியாக எதிர்கொண்ட நெருக்கடிகள்

1928 இல் ஹவுரா மாவட்ட மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது, லில்லுவா இரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஒட்டிப் பாமுன்காச்சியில் காவல்துறையினர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். இதனை ஆராய்ந்த குருசதய் தத், துப்பாக்கிச் சூடு நியாயமற்றது என்ற முடிவுக்கு வந்தார். அரசின் ஊழியர் ஒருவரே அரசின் காவல்துறைக்கு எதிராக அளித்த இம்முடிவு ஆட்சியாளருக்குச் சங்கடத்தை ஏற்படுத்தியது. இதன் பின்னர் இவர் கிழக்கு வங்காளத்தின் மைமன்சிங் மாவட்டத்திற்கு மாற்றப்பட்டார்.

அங்கும் நிலைமை நீடிக்கவில்லை. 1930 இன் உப்பு அறப்போராட்டக் காலத்தில் போராட்டக்காரர்கள்மீது கடும் வன்முறையைப் பயன்படுத்த இவர் முன்வரவில்லை. மீண்டும் மாற்றப்பட்டு மேற்கு வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தை அடைந்தார். தண்டனையாகக் கருதப்பட்ட இம்மாற்றங்களே இவரைச் செழுமையான நாட்டுப்புற மரபு கொண்ட இரு மாவட்டங்களுக்குக் கொண்டு சேர்த்தன என்பது குறிப்பிடத்தக்கது.

நாட்டுப்புறக் கலைகளை நாடியது

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் செசில் ஷார்ப் முதலானோர் கிராமிய நடனங்களையும் பாடல்களையும் மீட்டெடுக்கும் இயக்கத்தை நடத்திவந்தனர். 1929 இல் இங்கிலாந்து சென்றிருந்தபோது இவ்வியக்கத்தின் நிகழ்ச்சிகளைக் கண்ட குருசதய் தத், வங்காளத்திலும் இத்தகைய பணி தேவை என உணர்ந்தார். மைமன்சிங்கில் நாட்டுப்புற நடனம், இசை ஆகியவற்றுக்கான கழகம் ஒன்றை அமைத்து, முஸ்லிம் உழவர்களின் ஜாரி நடனத்திற்கு மதிப்பளித்தார். பீர்பூமில் இராய்பேன்ஷே என்னும் பண்டைய போர்வீரர் நடனத்தை 1930 இல் கண்டறிந்து வெளியுலகிற்கு அறிமுகப்படுத்தினார்.

1931 இல் கிராமியச் செல்வங்களைப் பாதுகாப்பதற்கான சங்கம் ஒன்றை நிறுவினார். மாவட்டச் சுற்றுப்பயணங்களின்போது பட்டச் சுருள் ஓவியங்கள், காளிகாட் ஓவியங்கள், சுடுமண் சிற்பங்கள், மரச் சிற்பங்கள், பொம்மைகள், இனிப்புப் பண்டங்களுக்கான வார்ப்பச்சுகள், தசாவதாரச் சீட்டுகள், காந்தாக்கள் ஆகியவற்றைத் திரட்டினார். 1929 முதல் 1939 வரையிலான பத்தாண்டுகளே இவரது சேகரிப்பின் முக்கியக் காலமாகும். 1932 இல் கல்கத்தாவில், இந்தியக் கீழைக்கலைக் கழகத்தில் இத்தொகுப்பைக் காட்சிக்கு வைத்தார். அரண்மனையிலும் கோயிலிலும் மட்டுமே கலையைத் தேடிப் பழகியிருந்த நகர மக்களுக்கு, ஒரு குடியானவர் வீட்டின் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்த போர்வை அங்கு ஓவியத்துக்கு இணையாகத் தொங்கவிடப்பட்டிருந்தது புதிய காட்சியாக இருந்தது.

காந்தா

காந்தா என்பது பழைய பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் பல அடுக்குகளாக வைத்துத் தைக்கப்படும் போர்வை அல்லது விரிப்பு ஆகும். இப்பெயர் கந்தல் துணியைக் குறிக்கும் வடசொல்லான கந்தா என்பதுடன் தொடர்புடையது. தமிழில் வழங்கும் கந்தை என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததாகச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி காட்டுகிறது. துறவிகளின் ஒட்டுப்போட்ட ஆடையும் இப்பெயரால் வழங்கியது. சைதன்யரின் வாழ்வைக் கூறும் சைதன்ய சரிதாமிர்தம் என்னும் வங்காள நூலில் காந்தா குறிப்பிடப்படுகிறது.

பலமுறை துவைத்து மென்மையான துணிகளைத் தரையில் விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருக்கமின்றி இழுத்துப் பொருத்தி, முதலில் ஓரங்களைத் தைத்துவிடுவர். தையலுக்கான வண்ண நூல் கடையில் வாங்கப்படுவதில்லை. பழைய சேலைகளின் கரைகளிலிருந்து சிவப்பு, நீலம், கறுப்பு முதலிய இழைகளை உருவி எடுத்துப் பயன்படுத்துவர். தையலின் பெரும்பகுதி எளிய ஓட்டுத் தையலே. உருவத்தின் வடிவத்தைப் பின்பற்றி அதனைச் சுற்றிலும் வெள்ளை நூலால் நெருக்கமாக ஓட்டுத் தையல் இடும்போது, துணியின் பரப்பில் நீரலை போன்ற மெல்லிய சுருக்கங்கள் தோன்றுகின்றன. காந்தாவை அடையாளம் காட்டும் சிறப்பியல்பு இதுவாகும்.

பயன்பாட்டை ஒட்டி இவை பல வகைப்படும். குளிர்காலத்தில் போர்த்திக்கொள்ளும் தடித்த காந்தா லேப் எனப்படும். விருந்தினர் அமரவும் சடங்குகளுக்கும் விரிப்பது சுஜனி. நூல்களையும் மதிப்புமிக்க பொருட்களையும் சுற்றிவைப்பது பைத்தன். கண்ணாடியும் சீப்பும் பொதிவது ஆர்சிலதா. தலையணை உறைக்கு ஓயார் என்று பெயர்.

சுஜனி வகையில் நடுவே ஒரு தாமரையும் நான்கு மூலைகளிலும் மரங்கள் அல்லது மாங்காய் வடிவங்களும் அமைவது வழக்கம். மரபு இவ்வளவையே வரையறுத்தது. எஞ்சிய பரப்பு முழுவதும் தைப்பவரின் விருப்பத்துக்கு உரியது. அதில் மீன், யானை, பல்லக்கு, தேர், சீப்பு, பாக்குவெட்டி, காதணி, இராமாயணக் காட்சி, கண்ணன், படகு, புகைவண்டி, குதிரை ஏறிய வெள்ளைக்காரர் என எதுவும் இடம்பெறலாம். தாளில் எழுதிய முன்மாதிரி கிடையாது. கையிருப்பில் உள்ள நூலின் நிறம் தீர்ந்தால் அடுத்த உருவத்தின் நிறம் மாறும். துணியில் கிழிசல் இருந்தால், அவ்விடத்தில் ஓர் உருவை அமைத்து அதை மறைப்பதும் உண்டு. வீட்டு வேலைகள் முடிந்த பிற்பகல்களில் மட்டும் தைக்கப்பட்டதால் ஒரு காந்தா முடிவதற்கு மாதங்களோ ஆண்டுகளோ ஆயின. தாய் தொடங்கியதை மகள் முடித்ததும் உண்டு. ஆகவே ஒரே காந்தாவில் மனநிலையும் கைப்பழக்கமும் மாறிச் செல்வதைக் காணமுடியும்.

தென்னகத்துடன் ஓர் ஒப்பீடு

காந்தாவின் தனித்தன்மையைத் தமிழகத்தின் தென்கோடியில் வழங்கிய கைவேலைகளுடன் ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளலாம். பத்தமடையிலிருந்து ஆழ்வார்திருநகரி வரை நீளும் தாமிரபரணிப் படுகைக்கு நன்கு அறிமுகமான பத்தமடைப் பட்டுப்பாயில், மணமக்களின் பெயரும் திருமண நாளும் நெய்யப்படுவது உண்டு. ஒரு குடும்பத்தின் நிகழ்வு பயன்படு பொருளிலேயே எழுத்தாக இடம்பெறுவதில் இது காந்தாவை ஒத்தது. ஆயினும் அப்பாய் தேர்ந்த கைவினைஞர் ஒருவர் மற்றொருவரின் திருமணத்துக்காக நெய்து கொடுப்பது.

திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் ஆயர் இராபர்ட் கால்டுவெல்லின் மனைவியார் எலைசா கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டில் வளர்த்த ரேந்தைப் பின்னல் வேறொரு வகை. திண்டின்மேல் பொருத்திய மாதிரியின்படி ஊசிகளைக் குத்தி, அவற்றைச் சுற்றி நூலைப் பின்னுவது அதன் முறை. மாதிரியிலிருந்து ஒரு கண்ணி விலகினாலும் பின்னல் கெட்டுவிடும். அது விற்பனைக்கு உரியது. ஏழைப் பெண்களுக்குக் கூலி தந்தது. காந்தாவோ விற்பனைக்கு உரியது அன்று. மகன், மருமகன், தந்தை, பேரக்குழந்தை என அன்புக்குரிய ஒருவருக்காக, மாதிரி எதுவும் இன்றித் தைக்கப்பட்டது. தமிழகத்தில் தாயின் பழஞ்சேலை குழந்தைக்குத் தூளியாவதுபோல, உடுத்திப் பழகிய துணி குடும்பத்துக்குள்ளேயே மறுபிறவி எடுத்தது. இந்த விடுதலையே காந்தாவைத் தனிமனித வெளிப்பாடாக ஆக்கியது.

காந்தா பற்றிய இவரது அணுகுமுறை

ஐரோப்பியர் வங்காளத் தையலை முன்பே அறிந்திருந்தனர். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் சாத்காவ் பகுதியில் தைக்கப்பட்ட பட்டு நூல் விரிப்புகளைப் போர்த்துக்கேயர் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். ஆனால் அவை வாங்குவோரின் விருப்பத்துக்கேற்பச் செய்யப்பட்டவை. வீட்டுக் காந்தா சந்தையை எட்டாததால் எவரது கவனத்தையும் பெறவில்லை. பழையதாகிக் கிழிந்தால் வேறொரு காந்தாவின் உள்ளடுக்காகும். அதன் பின்னர் மறையும்.

அபனீந்திரநாத் தாகூர் 1919 இல் வெளியிட்ட நூலில் வங்காளப் பெண்களின் நோன்புகளையும் அவற்றுக்குரிய அல்பனா என்னும் மாக்கோலங்களையும் ஆராய்ந்திருந்தார். அல்பனாவின் தாமரையும் கொடியும் காந்தாவிலும் தொடர்வதால், தரைக்கோலம், நோன்பு, தையல் ஆகிய மூன்றும் ஒரே பெண்மரபின் கிளைகள் என்பது புலனாகிறது. 1929 இல் கவிஞர் ஜசிமுதீனின் நக்சி காந்தார் மாட் என்னும் கதைப்பாடல் வெளிவந்தது. கணவனைப் பிரிந்த ஒரு பெண் தன் வாழ்க்கைக் கதையைக் காந்தாவில் தைத்துவிட்டு இறப்பதாக அமைந்த அக்கதை, இவ்வெளிப்பாட்டு ஆற்றலை இலக்கிய உலகுக்கு உணர்த்தியது.

இச்சூழலில் குருசதய் தத் செய்த பணி மூன்று வகைகளில் சிறப்புடையது. முதலாவதாக, அழகிய பெரிய சுஜனிகளை மட்டுமன்றிக் கண்ணாடி உறை, தலையணை உறை போன்ற சிறு பொருட்களையும் திரட்டினார். இரண்டாவதாக, நாட்டுப்புறக் கலையை இறந்துபோன காலத்தின் எச்சமாகப் பார்க்காமல் வாழும் மரபாகவே கருதினார். 1936 இல் வெளியான வங்காள நாட்டுப்புறக் கலைகளைப் பற்றிய இவரது கட்டுரையின் தலைப்பே வாழும் மரபுகள் என்னும் கருத்தை முன்வைத்தது. மூன்றாவதாக, 1939 இல் மாடர்ன் ரிவியூ இதழில் காந்தாவையே பொருளாகக் கொண்டு தனிக்கட்டுரை எழுதினார். அதே ஆண்டில் கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷும் இந்தியக் கீழைக்கலைக் கழகத்தின் ஆய்விதழில் காந்தா பற்றி எழுதினார். காந்தா பற்றிய பிற்கால ஆய்வுகளுக்கு இவ்விரு கட்டுரைகளும் தொடக்கமாக அமைந்தன.

மானதாசுந்தரியின் காந்தா

பெரும்பாலான காந்தாக்களில் தைத்தவரின் பெயர் இல்லை. பெயர் பொறிக்கப்பட்ட சிலவற்றுள் புகழ்பெற்றது, குருசதய் அருங்காட்சியகத்தில் உள்ள மானதாசுந்தரி தாசியின் காந்தாவாகும். 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தச் சுஜனியைத் தம் தந்தைக்காகத் தைத்த மானதாசுந்தரி, அச்செய்தியை வங்காள எழுத்துகளில் ஊசியாலேயே பொறித்துள்ளார். அக்காலத்து ஆங்கிலேயர், படைவீரர் ஆகியோரின் உருவங்கள் மரபான உருவங்களோடு கலந்து இதில் இடம்பெறுகின்றன.

பெண்களுக்கு எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த காலத்தில், ஒரு பெண் தன் பெயரைத் தான் தைத்த துணியில் எழுதியது கருதத்தக்கது. அவரது வாழ்க்கையை எந்த அரசு ஆவணமும் விவரித்ததில்லை. தந்தையிடம் கொண்ட அன்பு, தாம் கண்ட வெளியுலகம், தம் கைத்திறன் மீதான பெருமை ஆகிய மூன்றுக்கும் அந்தப் போர்வையே சான்றாக எஞ்சியது. கணவரின் பதவியால் மட்டுமே அறியப்படும் நிலையில் இருந்த தம் மனைவியின் பெயரை நிலைநிறுத்த முயன்ற குருசதய் தத்தின் தொகுப்பில் இக்காந்தா சேர்ந்தது பொருத்தமானது எனலாம்.

விரதசாரி இயக்கம்

1932 இல் குருசதய் தத் பீர்பூமில் விரதசாரி இயக்கத்தைத் தொடங்கினார். அறிவு, உழைப்பு, வாய்மை, ஒற்றுமை, மகிழ்ச்சி ஆகிய ஐந்தும் இதன் நோன்புகளாக வகுக்கப்பட்டன. சாதி, சமய, பால் வேறுபாடின்றி அனைவரும் நாட்டுப்புற நடனங்களையும் பாடல்களையும் பயின்று, உடலுழைப்பாலும் கிராமத் தொண்டாலும் தம்மை மேம்படுத்திக்கொள்வது இதன் நோக்கம். குளங்களில் மண்டிய ஆகாயத் தாமரையை அகற்றுதல், சாலை அமைத்தல் முதலிய பணிகளில் உயர் அலுவலர்களும் மாணவர்களும் ஒன்றாக ஈடுபடுத்தப்பட்டனர்.

இவ்வியக்கம் மாற்றுக் கருத்துகளையும் சந்தித்தது. அரசு அதிகாரி ஒருவர் நடத்துவதால் இளைஞரின் கவனம் விடுதலைப் போராட்டத்திலிருந்து திசைதிருப்பப்படுவதாகத் தேசியவாதிகளுள் ஒரு சாரார் கருதினர். கிராம வாழ்வின் வறுமையைவிட அதன் அழகையே இவர் மிகுதியாகக் கண்டார் என்ற விமர்சனமும் உண்டு.

இறுதிக் காலம்

பிற்காலத்தில் வங்காள அரசின் உள்ளாட்சி, பொதுச் சுகாதாரத் துறையின் செயலாளராகப் பணியாற்றிய குருசதய் தத், 1940 இல் ஓய்வு பெற்றார். விரதசாரி இயக்கத்துக்கான நிலையான இடமாக ஜோகாவில் விரதசாரி கிராமம் என்னும் குடியிருப்பை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். அது நிறைவுறும் முன்னரே புற்றுநோய்க்கு ஆளாகி, 1941 ஜூன் 25 அன்று தமது 59ஆம் அகவையில் கல்கத்தாவில் காலமானார். கல்கத்தாவின் பாலிகஞ்ச் பகுதியில் ஸ்டோர் சாலை என வழங்கிய தெருவுக்குப் பின்னர் இவரது பெயர் சூட்டப்பட்டது.

குருசதய் அருங்காட்சியகம்

இவர் விட்டுச்சென்ற தொகுப்பு விரதசாரி சங்கத்தின் பொறுப்பில் இருந்தது. அதனைக் கொண்டு ஜோகாவில் அமைக்கப்பட்ட அருங்காட்சியகம் 1963 இல் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களைக் கொண்ட இத்தொகுப்பில் காந்தாக்கள் மட்டும் ஏறத்தாழ 200 ஆகும். 1984 முதல் இந்திய அரசின் ஜவுளி அமைச்சகம் இதற்கு நிதியுதவி அளித்துவந்தது. 2017 இல் இவ்வுதவி நிறுத்தப்பட்டதால் அருங்காட்சியகம் கடும் நெருக்கடிக்கு உள்ளானது. ஊழியர்களுக்கு ஊதியம் வழங்குவதும் இயலாமற் போயிற்று.

பருத்தித் துணிக்கு ஈரப்பதம், ஒளி, பூச்சி ஆகிய மூன்றும் பகையாகும். ஏற்கெனவே உடுத்தித் தேய்ந்த துணியால் ஆன காந்தாவுக்கு இவற்றால் விளையும் கேடு இன்னும் மிகுதி. கல்லையோ உலோகத்தையோ போல இதனைப் பூட்டிவைத்து மறந்துவிட இயலாது. மடிப்பு மாற்றுதல், தூசு நீக்குதல் போன்ற எளிய பராமரிப்பும் இடைவிடாது நடைபெற வேண்டும். எனவே நிதி நின்றுபோவது இத்தொகுப்பைப் பொறுத்தவரை பொருட்களின் வாழ்நாளையே பாதிக்கும் செயலாகும்.

காந்தாவின் பிற்கால நிலை

1971 இல் வங்காளதேசம் விடுதலை பெற்ற பின்னர், போரால் ஆதரவிழந்த பெண்களுக்கு வருவாய் தேடித்தரும் தொழிலாகக் காந்தா மறுமலர்ச்சி பெற்றது. தொண்டு நிறுவனங்கள் இதனை நாடெங்கும் பரப்பின. மேற்கு வங்காளத்தில் சாந்திநிகேதனைச் சூழ்ந்த ஊர்களில் காந்தாத் தையல் சேலைகளும் மேலாடைகளும் பெருமளவில் உருவாகின்றன. மேற்கு வங்காளத்தின் நக்சி காந்தாவுக்கு 2008 இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

இம்மறுமலர்ச்சியால் பல்லாயிரம் பெண்கள் சொந்த வருவாய் பெற்றனர். அதே வேளையில், வடிவமைப்பாளர் வரைந்து துணியில் பதித்துத் தரும் கோட்டின்மேல் கூலிக்குத் தைக்கும் முறை பரவியதால், தைப்பவரே உருவத்தைத் தீர்மானிக்கும் பழைய உரிமை குறைந்தது. பழைய காந்தாவைத் தைத்தவருக்கு உரிமை இருந்தது, கூலி இல்லை. புதிய காந்தாவைத் தைப்பவருக்குக் கூலி இருக்கிறது, உரிமை குறைவு. இவ்விரண்டையும் ஒப்பிட்டு அறிவதற்கு, சந்தைக்கு வருமுன் காந்தா எவ்வாறு இருந்தது என்பதற்கான சான்றாகக் குருசதய் தத்தின் தொகுப்பு பயன்படுகிறது.

நூல்கள்

குருசதய் தத் வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினார். குழந்தைகளுக்கான பாடல் நூலான பஜார் பாஷி 1922 இல் வெளியானது. மனைவியின் வரலாறான சரோஜ் நளினி, ஓவியச் சுருளைக் காட்டிப் பாடுவோரின் பாடல்களைத் தொகுத்த பட்டுவா சங்கீத் (1939) ஆகியவை குறிப்பிடத்தக்கவை. வங்காளத்தின் நாட்டுப்புற நடனங்கள் பற்றிய ஆங்கில நூல் 1954 இலும், சிலேட்டின் நாட்டுப்புறப் பாடல்கள் 1966 இலும் இவரது மறைவுக்குப் பின்னர் வெளியாயின. காந்தா பற்றிய கட்டுரை உள்ளிட்ட இவரது கலைக் கட்டுரைகள் 1990 இல் ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டன.